எல்லை பார்த்து வந்தால்தான் பட்டம்

போன புதன்கிழமை பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, ஜெனிட்டா குசினிக்குள் வந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆன்டி, நம்ம நாட்டுக்கு எல்லை எங்கங்க இருக்கு?"

"சுத்திவரக் கடல் ஈக்கிதே மகள்."

"கடல் சரிவராதாம். கால வச்சு நின்னு போட்டோ எடுக்கிற மாதிரி தரையில இருக்கணுமாம்."

கறிவேப்பிலை கருகிவிட்டது. தப்பு என்னுடையதல்ல. இப்படி ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு யாரால் ஒழுங்காகத் தாளிக்க முடியும்?

ஜெனிட்டாவைப் பழைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும் — எங்கள் பூனைக்கு ஜெனீவா என்று பெயர் வைத்தவள். ஊர் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மூன்று வருடமாக எங்கள் மேல்மாடி அறையில் போர்டிங். கண்டி நகரத்தில் ஒரு தனியார் கெம்பஸில் சர்வதேச உறவுகள் படிக்கிறாள். எந்தக் கெம்பஸ் என்று கேட்காதீர்கள். அதன் விளம்பரப் பலகையில் ஒரு பூகோள உருண்டையும், அதன்மேல் கோட் அணிந்த ஒரு பையனும் இருப்பார்கள். அப்படிப் பார்த்தால் எல்லாக் கெம்பஸும்தான்.

இந்தப் பட்டத்துக்கு என்னென்ன தேவை என்பதை மூன்று வருடமாக நான் சாப்பாட்டு மேசையிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். அவள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் பேசுவாள். போதாதாம். வெளிநாட்டு மொழி ஒன்று கட்டாயம் என்று பிரெஞ்சு படித்தாள். இரண்டு செமிஸ்டர் முடிவில், தன் பெயர் ஜெனிட்டா என்றும் தனக்குச் சீஸ் பிடிக்கும் என்றும் பிரெஞ்சில் சொன்னாள். முதலாவது உண்மை. இரண்டாவது, எங்கள் வீட்டில் சீஸ் வாங்கிய நாளிலேயே பொய் என்று தெரிந்துவிட்டது.

பிறகு, ராஜதந்திர விருந்து நடத்தை என்று ஒரு பாடம். அதற்கும் கிரெடிட் உண்டு. ஒரு வாரம் முழுக்க இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டுப் பழகினாள். சொதி மேசைவிரிப்பெல்லாம் சிந்தியது. உலகத்தில் யுத்தங்கள் வருவது கரண்டி பிடிக்கத் தெரியாததால்தான் என்று யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

மாதிரி உலக மாநாடு வேறு. அதில் இவள் கடலே இல்லாத ஒரு ஐரோப்பிய நாட்டின் பிரதிநிதி. விவாதப் பொருள், மீன்பிடி உரிமை. நன்றாகப் பேசினாள் என்று கேள்வி.

இதையெல்லாம் தாண்டி வந்த பிள்ளையைக் கடைசியில் இடறிவிட்டதுதான் — எல்லைக் கள ஆய்வு. மூன்று கிரெடிட். கட்டாயம்.

பாடத்திட்டத்தைப் பார்த்தேன். ஏதோ ஒரு கண்டத்தின் நடுவிலிருக்கிற பல்கலைக்கழகத்தோடு இவர்களுக்கு 'இணைப்பு'. அங்கே பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்தில் அடுத்த நாடு. அந்தப் பாடத்திட்டத்தை அப்படியே கொப்பியடித்திருக்கிறார்கள். மேலே பெயரை மாற்றினார்கள், இலச்சினையை மாற்றினார்கள். நாம் ஒரு தீவில் இருக்கிறோம் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

யாரும் கேட்கவில்லையா? கேட்டார்களாம். அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தை அடுத்த மீளாய்வு வரை தொட முடியாதாம். தீவை வேண்டுமானால் நகர்த்தலாம் போலிருக்கிறது.

அப்படியென்றால் மற்றப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? கெம்பஸே ஒரு பஸ் பிடித்து அவர்களைப் பல்லேகல கிரிக்கெட் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. ஏன் மைதானம்? பெயரில் 'சர்வதேச' என்று இருக்கிறதே, அதனால்தான். கேட்டுக்கு முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்தார்கள். அதிகாரியின் கையொப்பம் என்ற இடத்தில் கேட்டில் நின்ற செக்கியூரிட்டி கையெழுத்து வைத்தார். திரும்பி வரும் வழியில் திகனவில் ஃபிரைட் ரைஸ். கள ஆய்வு முற்றிற்று.

ஜெனிட்டா அந்த பஸ்ஸில் போகவில்லை. அவளுடைய குணம் அது... படிவத்தில் இருக்கிற சின்ன எழுத்தையெல்லாம் வாசிப்பாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'மாணவர் விரும்பினால் தமது வதிவிடத்துக்கு மிக அண்மையிலுள்ள சர்வதேச எல்லையைத் தெரிவு செய்யலாம்.'

தெரிவு செய்தாள். அறிக்கையும் கொடுத்தாள். அது சிவப்பு மையோடு திரும்பி வந்த நாள்தான் அந்தப் புதன்கிழமை. அறிக்கையை என்னிடம் நீட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டு வாசித்தேன்.

எல்லையின் பெயர்: ஐந்தாம் காம்பராவுக்கும் ஆறாம் காம்பராவுக்கும் நடுச்சுவர்.

எல்லையின் நீளம்: ஒன்றரை அடி.

கடந்து சென்ற பிரதான பொருட்கள்: ரொட்டி, உப்பு, நெருப்புக் கட்டை, கதை.

தற்போதைய நிலை: மூடப்பட்டுள்ளது.

விஷயம் இதுதான். அவர்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த இரண்டு காம்பராக்களில் அவளுடைய தாத்தாவும் தாத்தாவின் அண்ணனும் குடியிருந்தார்கள். நடுச்சுவரில் ஒரு ஓட்டை. கொடுக்கல் வாங்கல் எல்லாம் அது வழியாகத்தான். பிறகு இரண்டு நாடுகள் மேசையில் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று இந்திய வம்சாவளித் தோட்டத்துச் சனங்களைப் பிரித்துக்கொண்டன. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. அண்ணன் குடும்பம் கப்பலேறியது. ஆறாம் காம்பராவுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். தோட்டத்து மேசன் வந்து ஓட்டையைச் சீமெந்து வைத்து அடைத்தான். ஜெனிட்டாவின் அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தும் அந்தச் சதுரம் மட்டும் வேறு நிறமாகத் தெரிகிறதாம். போட்டோவில் எனக்கும் தெரிந்தது. பக்கத்தில் ஜெனிட்டா, படிவத்தில் சொன்னபடி, இரண்டு கைகளும் தெரிய நேராக நிற்கிறாள்.

எல்லையின் இருபக்க அதிகாரிகளும் கையொப்பமிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. இந்தப் பக்கம் அவளுடைய அப்பா வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்துக்கு, தமிழ்நாட்டில் கோத்தகிரியில் இருக்கிற, அந்த அண்ணனின் மகனான பெரியப்பாவுக்கு வட்ஸ்அப்பில் படிவத்தை அனுப்பி வாங்கியிருக்கிறாள். பதவி என்ற இடத்தில் அப்பா எழுதியது, தேயிலைத் தோட்டத் தொழிலாளி. பெரியப்பா எழுதியதும் அதேதான். இரண்டு அரசாங்கங்கள் இவ்வளவு மினக்கெட்டுப் பிரித்துவைத்த லட்சணம் இது.

அறிக்கையின் அடியில் சிவப்பு மை: 'எல்லை தெளிவாக இல்லை. அதிகாரிகளின் முத்திரை இல்லை. மீளச் சமர்ப்பிக்கவும்.'

நான் சத்தம் போட்டேன்.

"மீளச் சமர்ப்பிக்கிறதுன்னா எப்ப?"

"அடுத்த செமிஸ்டருங்க. ஆறு மாசம்."

ஆறு மாதம் அவளிடம் இல்லை. மேற்படிப்புக்கு ஒரு புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது. பட்டப்படிப்பு முடிந்தது என்ற கடிதத்தை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால், இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். படிக்கப் போவது எங்கே என்று சொல்லவில்லையே... இந்தியாவில். எல்லையைப் பார்க்கவில்லை என்பதற்காக எல்லையைத் தாண்ட விடமாட்டார்களாம்.

என் கணவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து உதவிக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரரோடு ஓரடி நிலத்துக்கு எங்களுக்குப் பதினொரு வருட வழக்கு இருக்கிறது. "அந்த பைலைக் குடுங்களே. நில அளவையாளர்ட முத்திரையே நாலு ஈக்கிது" என்றார். இந்த வீட்டில் ராஜதந்திரம் இந்த அளவில்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை நானும் ஜெனிட்டாவும் கெம்பஸுக்குப் போனோம். பாடநெறி இணைப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். பண்பான மனிதர். கதிரை போட்டு, பிளேன்டீ சொல்லி உட்கார வைத்தார்.

"அக்கா, நான் என்ன செய்யிறது? கரிக்குலத்தில அப்பிடித்தான் கிடக்கு."

"நீங்க இந்த ரிப்போட்ட முழுசா வாசிச்சீங்களா சேர்?"

"ஓம். ரெண்டு தரம் வாசிச்சனான்." பிளேன்டீக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கு விளங்காதெண்டு நினையாதேங்கோ. நானும் சண்டைக் காலத்தில பாஸ் எடுத்து, செக்பொயின்ற் தாண்டித்தான் கொழும்புக்குப் படிக்க வந்தனான். ஒரே நாட்டுக்குள்ளதான். ஆனா இந்தப் போமில அதுக்கெல்லாம் இடமில்லை."

அந்த இடத்தில் எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வீணாக்க மனமில்லை.

"சரி சேர். மத்தப் பிள்ளைகள் போன இடம்?"

"பல்லேகல ஸ்டேடியம்."

"பாஸா?"

"எல்லாருக்கும் ஏ. போட்டோ நல்ல தெளிவு."

"அப்படியெண்டா எனக்கு ஒரு கடிதம் தாங்க. பல்லேகல ஸ்டேடியம் இலங்கையிட சர்வதேச எல்லையெண்டு, கெம்பஸ் லெட்டர்ஹெட்ல, உங்கட முத்திரையோட. ஸ்டேடியத்துக்கு அங்கால எந்த நாடு ஈக்கிது எண்டும் எழுதுங்க. நான் ஞாயித்துக்கிழமை பேப்பர்ல போடுறேன்."

"அக்கா பேப்பரில எழுதுறனீங்களோ?"

"வாரா வாரம்."

பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. ஜெனிட்டா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். இந்த மாதிரிச் சண்டைகள் அவளுக்குப் பிடிக்காது. அவள் படித்த பேச்சுவார்த்தைப் பாடத்தில் மிரட்டல் என்று ஒரு அத்தியாயம் இல்லையோ என்னவோ.

இணைப்பாளர் மேசை லாச்சியைத் திறந்தார். சிவப்புப் பேனையை உள்ளே வைத்துவிட்டு நீலப் பேனையை எடுத்தார். 'விசேட சூழ்நிலையைக் கருத்திற்கொண்டு ஏற்றுக்கொள்ளப்படுகிறது' என்று எழுதி, அறிக்கையில் இல்லாதிருந்த முத்திரையைத் தானே குத்தினார். அந்த மூன்று கிரெடிட்டுக்கு வந்தது வெறும் சி. கேட்டுக்கு முன்னால் நின்று ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு ஏ. சொந்தச் சுவரைக் காட்டியவளுக்கு சி. இதை நான் மன்னிப்பதாக இல்லை.

"ஒண்டு சொல்லட்டோ தங்கச்சி" என்றார், நாங்கள் எழுந்தபோது. "உம்மட ரிப்போட்டை நான் லைப்ரரியில வைக்கிறன்." பாவம் மனுஷன். அவரும் ஏதோ ஒரு போமுக்குள் அடைபட்டுத்தான் இருக்கிறார்.

வெளியில் வந்ததும் ஜெனிட்டாவிடம் கேட்டேன், அந்த இரண்டு நாட்டு ஒப்பந்தத்தை இவர்கள் எத்தனை வாரம் படிப்பிக்கிறார்கள் என்று.

"அது மேலதிக வாசிப்புங்க ஆன்டி. அரைப் பக்கம்."

"ஐரோப்பிய ஒப்பந்தங்கள்?"

"ஆறு வாரம்."

உலகத்தின் எந்த மூலையிலும் யார் யாரோடு என்ன கையெழுத்து வைத்தார்கள் என்பது தெரிந்தால் பட்டம். நம் வீட்டுச் சுவரில் யார் சீமெந்து பூசினார்கள் என்பது மேலதிக வாசிப்பு. விருப்பமிருந்தால் வாசிக்கலாம். பரீட்சைக்கு வராது.

பட்டப்படிப்பு முடிந்ததற்கான கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்து, அன்றைக்கே ஸ்கேன் ஆகிப் போய்விட்டது. புலமைப்பரிசில் உறுதி. அவளுடைய அம்மா ஹுன்னஸ்கிரியவிலிருந்து போன் எடுத்து அழுதார். நானும் அழுதேன். என் கணவர் மட்டும், இனிக் கரண்டியால் இடியப்பம் சாப்பிடுகிற சத்தம் கேட்காது என்று நிம்மதிப்பட்டார். அன்று இரவு அவர்தான் சரியாகச் சாப்பிடவில்லை.

நேற்று ஜெனிட்டா சாப்பாட்டு மேசையில் விசா படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். முதலில் பென்சில், பிறகு பேனை — அது அவளுடைய பழக்கம். ஒரு கேள்வியில் வெகுநேரம் நின்றாள். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

'அந்நாட்டில் உறவினர் எவரும் உளரா? இருப்பின் முகவரி.'

பேனையால் கோத்தகிரி முகவரியை ஒழுங்காக எழுதிவிட்டாள். அடியில், அழித்தும் அழியாமல், பென்சில் எழுத்து தெரிந்தது: ஆறாம் காம்பரா.