கிணற்றிலிருந்து சத்தம் வராதபோது

திண்டுக்கல்லில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர் நத்தம் ரோட்டில். நாலு பங்காளிகளுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். அதை நம்பித்தான் எங்கள் மல்லிகை நிற்கிறது. செம்புக் கம்பிக்காக மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போகும் திருட்டு அதிகமானபோது நானே ஒரு பெட்டி செய்து மாட்டினேன். கேபிளில் கை வைத்தால் அது சிக்னல் அனுப்பும், எங்கள் மொட்டைமாடியில் சைரன் அடிக்கும்.

குலசாமிக்குக் கிடா வெட்டிய அன்று, பட்டப்பகலில், எல்லோரும் பந்தியில் இருந்தபோது கேபிள் போனது. சைரன் மூச்சு விடவில்லை. மறுநாள் பெட்டியின் பதிவைப் பார்த்தேன். அறுத்த நேரத்தில் அது கத்தத்தான் செய்திருக்கிறது. யாரோ பக்கத்தில் ஜாமரை வைத்து, அதன் சிக்னலை இரைச்சலில் மூழ்கடித்திருக்கிறார்கள்.

"பொம்பளப் புள்ள மாட்டுன பொம்மைய நம்பி மோசம் போனோம்," என்றார் சித்தப்பா.

"புதுக் கேபிளும் போச்சுன்னா நானே பெட்டியக் கழட்டிர்றேன் சித்தப்பா. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது," என்றேன்.

தப்பு என் மேல்தான். ஆபத்து வந்தால் கத்து என்று சொல்லி வைத்திருந்தேன். வாயைப் பொத்தினால் அது என்ன செய்யும்? மாற்றினேன். இனி நிமிஷத்துக்கு ஒரு முறை பெட்டி 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று முறை அது வந்து சேராவிட்டால் மாடியில் சைரன் தானாகவே அடிக்கும். எவனாவது சிக்னலை அமுக்கட்டும், நன்றாக அமுக்கட்டும், அதுவே அவனைக் காட்டிக்கொடுக்கும். இடையில் பேட்டரி இறங்கி ஒரு தரம் சும்மா அடித்தது. ஊரே சிரித்தது.

அடுத்த கிடா வெட்டில், பந்தி நடுவே சைரன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. எங்கள் பக்கம் பாதிப் பந்தியில் எழுந்தால் பக்கத்து இலைக்காரருக்கும் ஆக்கிப் போட்டவர்களுக்கும் அவமானம். இது திருடனுக்கும் தெரியும்.

"பேட்டரியா இருக்கும். உக்காரு, செத்த நேரத்துல போவோம்," என்றார் சித்தப்பா.

எழுந்தேன். எச்சில் கையோடு ஸ்கூட்டரை எடுத்தேன்.

என் வண்டியைப் பார்த்ததும் இரண்டு பேர் பைக்கில் பறந்தார்கள். கேபிள் பாதி அறுபட்டு, ஆனால் எங்கள் கிணற்றடியிலேயே கிடந்தது. மோட்டார் ரூம் படியில் ஆன்டெனா முளைத்த கறுப்புப் பெட்டி ஒன்று. அதை அணைத்த பிறகுதான் என் போனில் டவர் வந்தது.

பங்காளிகள் கை கழுவிவிட்டு வந்து சேர்ந்தார்கள். சித்தப்பா கேபிளைத் தடவிப் பார்த்தார்.

"இருந்தாலும் பந்தியில எந்திரிச்சது தப்புதான் தாயி."

"தப்புதான் சித்தப்பா," என்றேன். "அடுத்த கிடா வெட்டுலயும் எந்திரிப்பேன்."