படம் போட்ட வாட்சு

எங்க முருகையன் சித்தப்பாவுக்கு ஒரே மக, கொளஞ்சியம்மாள். அவளை வாலிகண்டபுரத்தை விட்டு வெளியே அனுப்ப மனசில்லாம, அரியலூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் மேசை போட்டு வாட்சு ரிப்பேர் பார்த்துக்கிட்டிருந்த அங்கமுத்துவை வூட்டோட மாப்பிள்ளையாக் கொண்டாந்தார். எறையூர்ல சர்க்கரை ஆலை வந்து நாலஞ்சு வருசம் இருக்கும் அப்ப.

வந்த மூணாம் நாளே அந்த மேசை மாட்டுக்கொட்டாய்க்குப் போய், தவிட்டு மூட்டை வைக்க ஆச்சு. எருமை, புல்லு, வெங்காயக் காடு, திரும்ப எருமை. இப்படித்தான் அவருக்குப் பொழுது போச்சு. "ஒரு மணி நேரம் வாட்சு வேலை பார்க்க விடுங்க மாமா"ன்னு கேப்பார். "பாக்கலாம் பாக்கலாம்"னு சொல்லிட்டு சித்தப்பா மம்முட்டியைக் கையில குடுப்பார்.

சித்தப்பா கையில, அவர் அப்பா சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்த பழைய வாட்சு கிடக்கும். அது ஓடாது. ஓடினாலும் அவருக்கு மணி பார்க்கத் தெரியாது. அங்கமுத்து அதை வாங்கி ஓட வச்சார். பெரிய முள்ளைக் கழட்டிட்டு, எண் இருந்த எடத்துல வட்டமாத் தாள் வெட்டி ஒட்டி, வூட்டு வேலையெல்லாம் படமா வரைஞ்சார். மணி முள்ளு எந்தப் படத்துல நிக்குதோ அந்த வேலை. ரெண்டுலேருந்து மூணு வரைக்கும் ஒரு குட்டி வாட்சுப் படம்.

சித்தப்பாவுக்குத் தலைகால் புரியலை. ஊர்ல ஒரு ஆள் விடாம நிறுத்திக் காட்டினார். "மாப்ளே, முள்ளு உங்க வாட்சுக்கு வந்துருச்சு, உக்காருங்க!" அவரே கூப்பிட்டார். மூணு ஆனா, "முள்ளு புல்லுக்குப் போயிருச்சு, எந்திரிங்க" அப்படின்னும் பக்கத்துலயே குந்திக்கிட்டுச் சொன்னார்.

வேர்வை பட்டுத் தாள் மாசாமாசம் கெட்டுப்போகும். புதுசு வெட்டறப்பல்லாம் அங்கமுத்து தன் படத்தைக் கொஞ்சம் அகலமாக்கினார். புல்லு ஒடுங்கிச்சு. எருமை தள்ளிப் போச்சு. நாலாவது தாளுக்கு அந்தக் குட்டி வாட்சு நாலரை மணியைத் தாண்டிருச்சு. சித்தப்பா படத்தைத்தான் பார்த்தார், அகலத்தைப் பார்க்கலை.

எருமைக்கு அது தெரியுமா? கறக்கற நேரமான நாலு மணிக்குக் கத்த ஆரம்பிச்சுது. முள்ளு வரட்டும்னு சித்தப்பா உக்காந்திருந்தார். பாலைக் கறந்து தூக்கிட்டுப் போனா, பால் சொசைட்டியைச் சாத்திட்டான்.

"வாட்சைக் கெடுத்து வச்சிருக்கீங்களே மாப்ளே! பெரம்பலூர்ல வேற ஆள்கிட்டக் காட்டறேன்."

கொளஞ்சி புருசன் காதுல, "ஆமாம், ஓட்டம் தப்புன்னு சொல்லிடுங்க. உங்க ஒரு மணி நேரமாச்சும் மிஞ்சும்"னா.

அங்கமுத்து வாட்சை வாங்கிக் காதுல வச்சு ஓட்டம் கேட்டார். பொறவு, "நான் கை வச்ச வாட்சு பிந்தாது மாமா. படத்தைத்தான் நான் அகலமா வரைஞ்சேன்"னார்.

சித்தப்பா அந்தக் குட்டி வாட்சுப் படத்தை விரலால அளந்து பார்த்தார். "அப்ப அந்தப் படமே வேணாம்."

அங்கமுத்து பழைய தாளைக் கிழிச்சார். அப்பவே புதுத் தாள் வெட்டினார். தன் வாட்சு இருந்த எடத்தையும் சேர்த்து, ரெண்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் எருமையையே நீளமா, வாலு கொம்போட வரைஞ்சு ஒட்டிக் குடுத்தார்.

சித்தப்பா தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "எருமை நல்லாக் கொழுத்திருக்கு மாப்ளே"ன்னார்.