தெரசம்மாள் வந்தால் பாஸ்

ஏற்காடு டாக்சி ஸ்டாண்டில் லாசரின் அம்பாசிடரைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அவர் மனைவி தெரசம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்து போன வருடமெல்லாம் வண்டி எஃப்சியில் பாஸ்; அவள் போகாத வருடமெல்லாம் பெயில்.

வாடகை வண்டி எதுவானாலும் ஆண்டுக்கு ஒருமுறை மலையிறங்கிச் சேலத்துக்குப் போய், மோட்டார் வாகன ஆய்வாளரிடம் ஓட்டிக் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று சான்றிதழ் வாங்கியாக வேண்டும். அதுதான் எஃப்சி. ஆய்வாளரை டிரைவர்கள் யாரும் ஆய்வாளர் என்று சொல்வதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அவர் அதிகம் பார்ப்பதும் பிரேக்கைத்தான்.

லாசர் செம்மநத்தம் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா சவுக்கு மரங்களில் மிளகுக்கொடி ஏற்றும் வேலை செய்தார். லாசர் எஸ்டேட் ஜீப்பைக் கழுவப் போய், ஓட்டக் கற்று, பிறகு ஜீப் நின்றுபோன ஒரு மழைக்காலத்தில் அதைத் தாமாகவே பிரித்துப் பார்த்துப் பூட்டினார். மெக்கானிக் வேலை அவருக்கு அப்படித்தான் வந்தது. பிரிப்பதற்கு முன் எந்த நட்டு எங்கே இருந்தது என்று நன்றாகப் பார்த்துக்கொள்வார். பூட்டிய பிறகும் ஒருமுறை பார்ப்பார். 78இல் எஸ்டேட் மேனேஜர் புது கார் வாங்கியபோது பழைய அம்பாசிடரை லாசர் எடுத்து டாக்சியாக்கினார். அப்போதே அது நன்றாக உழைத்த வண்டி.

அதிர்ஷ்டம் என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர்தான். ஆனாலும், "மாதாகிட்ட புள்ளைங்களுக்கு நல்ல புத்தியக் கேக்கலாமுங்க. பிரேக்கைக் கேக்கக் கூடாது, அது நம்ம வேலை" என்பார்.

அதனால் ஸ்டாண்டுப் பேச்சு அவரை உறுத்தியது. வருடா வருடம் எஃப்சிக்கு முன் ஒரே வேலையைத்தான் செய்கிறார். பிரேக் லைனிங் பார்க்கிறார், கேபிள்களுக்குக் கிரீஸ் வைக்கிறார், ஹெட்லைட்டை நேராக்குகிறார். ஒரே வண்டி, ஒரே கை, ஒரே ரோடு. பிறகு ஏன் ஒரு வருடம் நேராக நிற்கிறது, ஒரு வருடம் வலப்பக்கம் இழுக்கிறது?

86 ஜூன் மாதத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேடியே ஆகவேண்டி வந்தது.

தெரசம்மாள், தான் வேலை பார்க்கும் பள்ளி ஹாஸ்டலின் சமையலறைப் படியில் வழுக்கி, கணுக்கால் வீங்கிப் படுத்திருந்தாள். லாசர் புதன்கிழமை தனியாகச் சேலம் போனார். வண்டி வலப்பக்கம் இழுத்தது. "சரி பண்ணி வெள்ளிக்கிழமை கொண்டு வா" என்று இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பினார். பழைய சான்றிதழ் சனிக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை பள்ளி திறப்பு. சேலம் ஜங்ஷனில் ரயிலிறங்கும் ஹாஸ்டல் பிள்ளைகளை மேலே கொண்டுவருவது வருடா வருடம் லாசரின் வேலை. அந்த வருமானத்தில்தான் மழைக்காலம் ஓடும்.

ஹாஸ்டல் சிஸ்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "லாசர், புது சான்றிதழைக் கண்ணால பார்த்தாத்தான் பிள்ளைகளை ஏத்த விடுவேன். இல்லேன்னா சிக்கந்தர் பாய் வேனைச் சொல்லிடுவேன். அப்புறம் வருஷம் பூரா அவர்தான்."

சிக்கந்தர் கடன் வாங்கிப் புது வேன் எடுத்திருந்தவர். லாசருக்கு நல்ல சிநேகிதர். அதனால் சங்கடம் இருவருக்குமே இருந்தது.

"லாசரண்ணா, அக்காவத் தூக்கியாச்சும் முன்சீட்டுல உக்கார வெச்சுருங்க. கட்டுப் போட்ட காலோட போனா பிரேக் இன்ஸ்பெக்டரே எறங்கி வந்து கையெழுத்துப் போட்டுருவாரு" என்றார் சிக்கந்தர்.

"நீ சும்மா இரு பாய். அவ உக்காந்தா வண்டியில என்ன மாறுதுன்னு யோசிக்கிறேன்."

"எடை மாறுதுங்களே!"

சிக்கந்தர் சிரிப்புக்குச் சொன்னதை லாசர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். டிரைவர் உட்காருவது வலப்பக்கம். வண்டி இழுப்பதும் வலப்பக்கம். இடப்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்தால் சமமாகலாம் அல்லவா? உடனே கடையிலிருந்து ஓர் அரிசி மூட்டையை இரவல் வாங்கி, இருவருமாக முன்சீட்டில் ஏற்றினார்கள்.

"அண்ணா, ஒரு சீலையும் சுத்தி உடுங்க. சந்தேகமே வராது."

வியாழக்கிழமை காலையில் மூட்டையோடு லாசர் இறங்கினார். இருபது கொண்டையூசி வளைவுகளும் அவருக்கு வீட்டு முற்றம் மாதிரி. வழக்கமான வேகத்தில் வந்து, அடிவாரத்தில் ரோட்டோர வாய்க்காலை ஒட்டி வண்டியை நிறுத்தினார். மலை டிரைவர்கள் எல்லோரும் அங்கே நிறுத்துவார்கள். இறங்கி வந்த சக்கரங்கள் கருகிய வாடை அடிக்கும். வாய்க்காலில் வாளியை முக்கிச் சக்கரத்தில் வீசினால் சுர்ரென்று ஆவி எழும்பி வாடை அடங்கும். சக்கரத்துக்குத் தண்ணி காட்டறது என்பார்கள். எஃப்சிக்குப் போகிறவர்கள் கூடவே முழு வண்டியையும் கழுவிக்கொண்டு போவார்கள். லாசரும் தண்ணீர் காட்டிவிட்டு, பக்கத்து மண்தடத்தில் வண்டியை ஓட்டிப் பிரேக்கை அழுத்தினார்.

வலப்பக்கம் இழுத்தது. மண்ணில் மூன்று சக்கரத்தின் கோடுதான் ஆழமாக விழுந்திருந்தது. இடது முன்சக்கரம் சரியாகப் பிடிக்கவே இல்லை.

ஆக, எடை இல்லை. லாசர் வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். மூட்டைக்கும் தெரசம்மாளுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு மனிதன் உட்கார்ந்து யோசிப்பதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டை பேசாது. மூட்டைக்கு வாந்தி வராது.

பீடி பாதியில் நின்றது.

தெரசம்மாளுக்கு வளைவு ஆகாது. பத்தாவது வளைவுக்கு முன்பே, "ஏனுங்க, நிறுத்துங்க, கொடலப் பொரட்டுது" என்பாள். நிறுத்தினால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு ரோட்டோரம் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு ஏறி, "மெதுவாப் போங்க, நாம என்ன தீயணைக்கவா போறோம்?" என்பாள். அதனால் அவள் கூட வந்தால் அவர் செகண்ட் கியரிலேயே உருட்டிக்கொண்டு வருவார். வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கில் கால் போவது குறைவு. அடிவாரத்தில் நிறுத்தவும் விடமாட்டாள். "இங்க ஒண்ணும் நிறுத்த வேண்டாம், எங்க அக்கா ஊட்டுக்குப் போயிருங்க" என்பாள். அஸ்தம்பட்டியில் அக்கா வீடு. அங்கே சோடா குடித்துவிட்டு அவள் படுத்துக்கொள்வாள். கிணற்றில் நீர் இறைத்து லாசர் வண்டியைக் கழுவுவார். ஆய்வுக்குக் கிளம்புவதற்குள் சக்கரமெல்லாம் ஆறி, பட்ட நீரும் உலர்ந்திருக்கும்.

லாசர் எழுந்து வண்டியை மேலே கொண்டுபோனார். மதியம் சக்கரங்கள் ஆறியதும் மறுபடி இறங்கினார், இந்த முறை முன்சீட்டில் அவள் இருப்பதாக நினைத்துக்கொண்டு. செகண்ட் கியர். அவள் நிறுத்தச் சொல்லும் இடங்களிலெல்லாம் நிறுத்தினார். பின்னால் வந்த பஸ் டிரைவர், "என்னண்ணா, மூட்டைக்குத் தலை சுத்துதா?" என்று கத்திக்கொண்டு போனான். அடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளையான பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் நெற்றியளவு சூடு, அவ்வளவுதான். தண்ணீர் காட்டாமல் மண்தடத்தில் ஓட்டிப் பிரேக் போட்டார். நான்கு கோடுகளும் ஒன்றாக விழுந்தன.

பிறகு இடது சக்கரத்தில் மட்டும் ஒரு வாளி வீசி ஓட்டினார். வலப்பக்கம் இழுத்தது.

வாய்க்கால் ரோட்டின் இடப்பக்கம் ஓடுகிறது. முதல் வாளியும் நிறைந்த வாளியும் எப்போதும் இடது சக்கரத்துக்குத்தான். வலது பக்கம் சுற்றிப் போவதற்குள் பாதி சிந்திவிடும். நனைந்த பிரேக் பிடிக்காமல் விட, வண்டி மறுபக்கம் இழுக்கிறது. லாசர் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை அப்படியே மெதுவாக இறங்கி, வாய்க்காலில் நிறுத்தாமல் தெரசம்மாளின் அக்கா வீட்டுக்குப் போனார். கிணறு வற்றிக் கிடந்தது. குழாயில் தண்ணீர் வரும் நாளும் அதில்லை. குடிக்க வைத்திருந்த குடத்தைக் கேட்க மனம் வராமல், செம்மண் அப்பிய வண்டியோடே ஆய்வு மைதானத்துக்குப் போனார். மற்ற வண்டிகளெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்தார். "எஃப்சிக்குக் கழுவாம வண்டி கொண்டுவந்த முதல் ஆளு நீதான்பா. அங்க தொட்டி இருக்கு. கழுவிட்டு வா."

"கழுவறனுங்க சார். முதல்ல பிரேக்கைப் பாத்துருங்க."

"ஏன்? தண்ணி பட்டாக் கரைஞ்சிருமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லாசர் வளைவு, வாளி, வாய்க்கால் எல்லாவற்றையும் சொன்னார். மனைவியின் வாந்தியை மட்டும் விட்டுவிடப் பார்த்தார். ஆனால் அது இல்லாமல் கதை நிற்கவில்லை, அதையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"சரி, ஏறு. பார்ப்போம்."

வண்டி ஓடியது. இன்ஸ்பெக்டர் கையை உயர்த்த, லாசர் பிரேக்கை அழுத்தினார். இருவரும் இறங்கிக் கோடுகளைப் பார்த்தார்கள். நான்கும் நேராக, ஒரே நீளத்தில் இருந்தன.

"உன் பேச்சு சரிதான் போலிருக்கு. ஆனா மழையில என்ன பண்ணுவே? உங்க மலையில சாயங்காலமானா மழைதானே?"

"மழை ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானுங்க சார் பெய்யும்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். வண்டியைக் கழுவி, சேசிஸ் நம்பரைக் காட்டி, மற்ற சோதனைகளையும் முடித்தபின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன.

சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு லாசர் ஊர் திரும்பியிருக்கலாம். சிஸ்டருக்குக் காட்ட வேண்டியது கையில் இருக்கிறது. ஆனால் வண்டியைக் கிளப்பிய பிறகு தாம் சொன்ன பதிலே அவரைக் குடைந்தது. மழை இரண்டு பக்கமும் ஒன்றாகப் பெய்யும். வாளி அப்படிப் பெய்யவில்லையே. கொதிக்கும் இரும்பின் மேல் இத்தனை வருடமாக முழு வாளி வாங்கியது இடது டிரம்தான். வெளியிலிருந்து பார்த்தால் கோடு சமமாக விழுகிறது, சரி. ஆனால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பட்ட இரும்பு விரிசல் விடுமே, உள்ளே அது எப்படி இருக்கிறது?

பழைய சாமான் கடைகள் இருக்கும் தெருவுக்கு வண்டியைத் திருப்பினார். ஒரு பட்டறை வாசலில் ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை உருவி எடுத்தார். பார்வைக்குக் குறை எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரு வழி இருந்தது. மண்ணெண்ணெயில் துடைத்து, நன்றாக உலர்த்தி, மேலே சாக்கட்டித் தூளைப் பூசினார். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து தூளை நனைக்கும்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மயிரிழை தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது, விளிம்பிலிருந்து கிளம்பி நடுப்பகுதி வரை ஓடியிருந்தது.

பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். "எஃப்சி வாங்கியாச்சுன்னு சொன்னீங்க?"

"வாங்கியாச்சுங்க" என்றார் லாசர்.

வலது டிரம்மையும் கழற்றினார். அதில் விரிசல் இல்லை. ஆனாலும் ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒருபோலப் பிடிக்காது. ஜோடியாகவே இரண்டு டிரம் வாங்கி, லேத்தில் கடைந்து, சாயங்காலம்வரை உட்கார்ந்து பூட்டி, ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே மலையேறினார். விரிசல் விட்ட டிரம்மைப் பட்டறையில் போட்டுவிட்டு வர மனமில்லை. டிக்கியில் எடுத்து வந்தார்.

தெரசம்மாள் காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சான்றிதழைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். "நான் வராமயே பாஸுங்களா? நொம்ப சந்தோசமுங்க. ஸ்டாண்டுல இனி யாரும் என்னைய மதிக்க மாட்டாங்க."

லாசர் எல்லாவற்றையும் சொன்னார். தன் ராசி இவ்வளவு காலமும் வாந்தியில்தான் இருந்தது என்று கேட்டு அவள் முகம் சுண்டியது. பிறகு அவர் டிரம்மைக் கொண்டுவந்து தரையில் வைத்து விளக்கைக் கிட்டே பிடித்தார். அவள் குனிந்து, சாம்பல் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினாள். நகம் ஓர் இடத்தில் தட்டி நின்றது.

"இது உட்டுப்போயிருந்தா என்னாகுமுங்க?"

"அந்தச் சக்கரத்துல பிரேக் இருக்காது."

"இதை வெச்சுக்கிட்டா என்னையக் கூட்டிட்டுப் போனீங்க? அந்தப் புள்ளைங்கள ஏத்துனீங்க?"

வெளியே மழை பிடித்தது. லாசர் டார்ச்சை எடுத்துக்கொண்டு காரிடம் போய், தரையில் படுத்து, பின்சக்கரங்களின் உட்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவற்றை இன்னும் கழற்றவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சனியும் ஞாயிறும் அந்த இரண்டையும் பிரித்து, மண்ணெண்ணெயும் சாக்கட்டியும் பூசிப் பார்த்து, விரிசல் இல்லை என்று கண்ட பிறகே பூட்டினார்.

திங்கட்கிழமை காலை சிஸ்டர் சான்றிதழை வாங்கிப் பார்த்து, "சரி, போய்ட்டு வாங்க" என்றார். லாசர் வெறும் காரோடு செகண்ட் கியரில் இறங்கி, வாய்க்காலில் நிறுத்தாமல் ஜங்ஷனுக்குப் போனார்.