ஒலிக்காத சைரனைக் கேட்டவர்கள்

மின்சாரம் தயாரிக்கிற இடத்திலேயே மின்சாரம் போகும் என்று சொன்னால் சிரிப்பார்கள். எழுபதுகளின் கடைசியில், சித்திரபுரத்துக்குக் கீழே ஒரு நீர்மின் நிலையத்தில் நான் வேலை பார்த்தபோது, மழைக்காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் பிழைப்பு. கண்ட்ரோல் ரூமில் பீரோ உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் நின்றது. மின்சாரம் போய் வந்தால், தன்னோடு என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன என்பதே அதற்கு மறந்துவிடும்.

அது மறுபடி விழித்ததும் முதல் வேலையாக அதற்கு ஒரு காகித நாடாவைப் படிக்கக் கொடுக்க வேண்டும். நீர்மட்ட மானி, அணையின் ஷட்டர், தண்ணீர் திறக்குமுன் எச்சரிக்கும் சைரன் என்று ஒவ்வொரு பெயருக்கும் எந்தக் கம்பி என்பது அதில் துளைகளாக இருக்கும். கம்பியே இல்லாத பெயர் ஒன்றும் உண்டு. 'காலி' என்போம். சோதனைக்காக வைத்தது. எதை அனுப்பினாலும் விழுங்கிவிட்டு, வேலை முடிந்தது என்று பதில் சொல்லும்.

பெயர்கள் பதிந்ததும் கம்ப்யூட்டர் எல்லாக் கருவிகளையும் ஒரு தடவை இயக்கிப் பார்க்கும். சைரனும் அலறும். மேலே பங்களாவில் வந்து தங்கும் பெரிய மனிதர்களுக்கு அதனால் தூக்கம் கெட்டதாம். எங்கள் மேலதிகாரி, என் ஊர்ப் பக்கத்துச் சித்தூர்க்காரர், நாடாவில் சைரனைக் காலிக்கு மாற்றிவிட்டார். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, நாங்கள் விசைப்பலகையில் தட்டி அதை உண்மையான கம்பிக்குத் திருப்ப வேண்டும். மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். மறக்காமல் இருக்கத்தானே சம்பளம் என்றார். விருந்தாளியின் குறட்டைக்காக ஆற்றங்கரை ஜனங்களின் உயிரை எவனோ ஒருவனுடைய ஞாபகத்தில் தொங்கவிட்ட அந்த ஏற்பாட்டை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அங்கே பெருக்கித் துடைக்க ஓர் அம்மா வருவார். எஸ்டேட் லயத்து வரிசை வீடொன்றில் குடியிருப்பு. புருஷன் இல்லை, அந்த வேலைதான் சோறு. அறைத் திரைகளையெல்லாம் கீழே ஆற்றுப் பாறையில் துவைப்பார். கம்ப்யூட்டர் முதலில் சைரனை அடித்து, முடிந்தது என்ற பதில் வந்த பிறகே ஷட்டரைத் திறக்கும். சைரன் கேட்டால் கரையேற வேண்டும். அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அது.

விடுப்பு முடிந்து ஒரு நாள் என் ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது ஆற்றில் தண்ணீர் பொங்கி வந்தது. சைரன் இல்லை. பாறையில் அந்த அம்மா குனிந்து துவைத்துக்கொண்டிருந்தார். தொண்டை கிழியக் கத்தினேன். வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போய் வளைவில் ஒரு புதரில் எறிந்தது. ஓடிப்போய் இழுத்துக் கரையேற்றினேன். கை முறிந்திருந்தது, உயிர் தப்பியது.

காலையில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. அன்று நாடாவைப் போட்டவர் மேலதிகாரியேதான். போட்டுவிட்டு, சைரனைக் கம்பிக்குத் திருப்பாமலே காப்பி குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் கண்ட்ரோல் ரூமிலேயே விசாரணை. விசாரித்தவரும் அவரே. 'சைரன் ஒலித்தது' என்று கம்ப்யூட்டர் அச்சடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்த அம்மாவுக்குக் காது மந்தம், அப்படிப்பட்டவரை இங்கே வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்றார்.

"அடிக்கலீங்க சார். இன்னும் காலியிலதானுங்க இருக்குது. வேணும்னா இப்பவே அடிச்சுப் பாத்தர்லாமுங்க" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் விசைப்பலகையில் சைரனுக்கான கட்டளையைத் தட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் கடகடவென்று அச்சடித்தது, சைரன் ஒலித்தது என்று. வெளியே ஆற்றின் இரைச்சலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. இனி என்ன சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற எங்கள் ஊழியர்களைப் பார்த்தார்.

"நல்லாக் கேட்டுச்சல்லோ?"

ஒருவர் தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவரும் ஆட்டினார். பிறகு எல்லாருமே. படித்த மனிதர்கள், என்னோடு ஒரே மேஜையில் சோறு தின்றவர்கள். த்தூ. எனக்குக் கேட்கவில்லை என்று நான் மட்டும் சொன்னேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

கையில் கட்டோடு கதவோரம் நின்றிருந்த அந்த அம்மா, வெளியே வந்ததும் என்னை நிறுத்தினார். அழுவார், அல்லது அவர்களைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"எனக்கு வயசாச்சு, போகட்டும். நீங்க சின்ன ஆளு சார்" என்றார், குரலைத் தாழ்த்தி. "நல்ல டாக்டராப் பாத்துக் காதக் காட்டிருங்க."