கூந்தல் தைலப் பக்கத்தில் நான் படித்த முடிவு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல விடாமல் அம்மா முந்திக்கொள்வாள்.

அப்பாவுக்கு ரயில்வே டிப்போவில் இன்ஜின் துடைக்கிற வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆண்கள் சிலர் கையெழுத்துப் போடுவார்கள். பெண்களில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே கடிதம் வந்தாலும், சுவரில் நோட்டீஸ் ஒட்டினாலும், மருந்துப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று சந்தேகம் வந்தாலும், எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். "படிச்ச பொண்ணு சொல்லிட்டா" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. தண்ணீர்க்குழாயடியில் நான் குடத்தோடு போனால் வழி விடுவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பிடிக்காதது போல நடந்து போவேன்.

பதினேழு வயதில், படிப்பு முடிந்து வீட்டில் இருந்த காலத்தில், எனக்கென்று சில சந்தோஷங்கள் உண்டு. சாயங்காலம் குளித்துவிட்டு, பவுடர் பூசியது தெரியாத அளவுக்குப் பூசிக்கொள்வது அதில் ஒன்று. சீனர் ஒருவர் தள்ளுவண்டியில் விற்கும் ஐஸ் உருண்டை இன்னொன்று. சிவப்புச் சர்பத்தை ஒரு பக்கம், பச்சையை ஒரு பக்கம் ஊற்றித் தருவார். தின்றதை அப்பாவிடம் மறைக்க முடியாது, நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் மூலைச் சாப்பாட்டுக் கடையின் கிராமபோன். கடைக்காரரிடம் இருந்ததே நாலைந்து தட்டுகள். அதில் ஒன்றில் கீறல். பாட்டு நடுவில் ஒரே சொல் மூன்று தடவை வரும், பிறகு தானாக நகரும். நானும் வீடு பெருக்கும்போது அந்தச் சொல்லை மூன்று தடவையே பாடுவேன். பிற்பாடு பத்துமலைத் திருவிழாக் கடையில் அதே பாட்டைக் கீறல் இல்லாமல் கேட்டேன். என்னவோ குறைந்த மாதிரி இருந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே பாட்டுப் புத்தகம்.

பேசும் படம் வந்த புதிது. மாட்டு வண்டியில் தம்பட்டம் அடித்துக்கொண்டு நோட்டீஸ் வீசிப் போவார்கள். கல்யாணமாகாத பெண் கொட்டகைக்குப் போவதாவது என்பது அப்பாவின் கட்சி. ஆனால் கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தை அவரே வாங்கி வந்து கொடுப்பார். அப்பாவைப் பொறுத்தவரை அச்சடித்த எதுவும் படிப்புதான். முன் பக்கத்தில் கதாநாயகி கன்னத்தில் கை வைத்திருப்பாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நல்லாப் படிம்மா" என்பார்.

புத்தகத்தில் பாட்டுகளுக்கு முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி பெரிய ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் இடத்தில் அது நின்றுவிடும். அடியில், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பார்கள். தனியாகப் படிக்கும்போது எனக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. மீதியை நானே நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அப்படி ஒரு புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "சத்தமாப் படி பாப்பா, நாங்களும் கேக்கறோம்" என்றாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர். எதிர்வீட்டுச் சின்னம்மா, பாசாரில் வாங்கிய மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள். மந்திரியின் கோள் பேச்சைக் கேட்டு ராஜா, ராணியைக் காட்டுக்கு விரட்டுகிறான். ராணி கைக்குழந்தையோடு மழையில் நிற்கிறாள். அத்தோடு அச்சு முடிந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். சின்னம்மா கையில் மீன் பாதி செதிலோடு அப்படியே நிற்கிறது. அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். "இவ்வளவுதான் எழுதியிருக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். படித்த பெண்ணுக்கு மேலே தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தைப் புரட்டினேன். பின் அட்டையில் கூந்தல் தைல விளம்பரம். அதைப் பார்த்தபடி ராகம் மாறாமல் படித்துக்கொண்டே போனேன்.

என் ராணி அழவில்லை. காட்டில் ஒரு பள்ளிக்கூடம் வைத்தாள். வேடர் வீட்டுப் பெண் பிள்ளைகள் எல்லாம் வந்து படித்தார்கள். ராஜா மன்னிப்புக் கேட்டு வந்து நின்றபோது, "முதலில் இந்தப் பலகையில் என் பெயரை எழுதும், பார்க்கலாம்" என்றாள். ராஜாவுக்கு எழுதத் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார வைத்தாள்.

"அப்படிப் போடு!" என்றாள் சின்னம்மா. அந்த வாரத்தில் அதே கதையை நாலு தடவை படிக்கச் சொன்னார்கள். நாலு தடவையும் தைலப் பக்கத்தைப் பிசகாமல் படித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கிள்ளானிலிருந்து கடிதம் வந்தது. அங்கே வாழ்க்கைப்பட்ட அவள் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. முதல் பிரசவம் கெட்டுப்போய் இது இரண்டாவது. தாயும் சேயும் நலம், முப்பது நாள் தீட்டுக் கழிந்து வந்து பார்க்கவும் என்று தங்கையின் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். நான் படித்துச் சொன்னதும் அக்கா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். அந்தச் சந்தோஷத்தில், "வாங்கடி, எல்லாரும் போய் அந்தப் பள்ளிக்கூடத்து ராணியப் பாத்துட்டு வருவோம்" என்று வரிசையையே கிளப்பிவிட்டாள். அப்பாவிடமும் அவளே பேசி எனக்கு அனுமதி வாங்கினாள். வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. பேசும் படம் ஆயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். பெண்கள் பக்கத்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். திரையில் ஒரு வாய் அசைந்து, அதிலிருந்தே குரல் வந்ததும் நான் வந்த காரியத்தையும் மறந்தேன், செய்த காரியத்தையும் மறந்தேன். ராணி மழையில் நின்றபோதுதான் நினைவு வந்தது. அந்த ராணி அழுதாள். அழுதுகொண்டே மூன்று பாட்டுப் பாடினாள். சிவனும் பார்வதியும் வந்தார்கள், ராஜாவும் வந்தான், ராணி அவன் காலில் விழுந்தாள். விளக்குப் போட்டுவிட்டார்கள்.

எங்கள் பெஞ்சில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிங்கம்மா, படம் முடிஞ்சுபோச்சு" என்றார் வாசல்காரர்.

"இன்னும் பள்ளிக்கூடம் வரலையே அண்ணே" என்றாள் அக்கா.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"ராணி காட்டுல வைக்கிறாளே, அது. ராஜா கடைசி வரிசையில உக்காருவானே!"

"ராணியே அரமனைக்குப் போயிட்டா லா. நீங்களும் வீட்டுக்குப் போங்க."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் முந்தானை நுனியில் ஒரு நூலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தைலப் பக்கத்தைப் பார்த்துக் கதை விட்டதைக் கொட்டகை வாசலிலேயே ஒப்புக்கொண்டேன். வழியெல்லாம் சின்னம்மா என்னைக் கிண்டல் செய்தாள். "பாப்பா, இந்த ரிக்‌ஷா எங்க போகுதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்." அதை நான் தாங்கிக்கொண்டேன். அக்கா அந்தக் கிண்டலில் சேராததுதான் என்னவோ போல் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் கடிதத்தோடு வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்கன்னு சொன்னியே. அது எழுதியிருந்துச்சா, நீயா சொன்னியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எழுதியிருக்கு அக்கா. இதோ பாருங்க." மறுபடியும் படித்துக் காட்டினேன்.

"அதையே திரும்பச் சொல்ல ஒனக்குத் தெரியாதா? அந்தக் கதையக்கூட நாலு தடவையும் ஒண்ணுபோலத்தானே சொன்னே."

அவள் கண் கலங்கியிருந்தது. வரிசையில் இத்தனை வருஷம் நான் படித்த கடிதங்கள் எல்லாம் ஒரே நொடியில் தைல விளம்பரம் ஆகிவிட்டன. "ஸ்டேஷன் கிராணியார்கிட்டக் காட்டுங்க. நானும் வர்றேன்" என்றேன். அவர் டிக்கெட் ஜன்னல் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர், நன்றாகப் படித்தவர்.

மறுநாள் காலை தலையை நிமிர்த்திக்கொண்டுதான் கிளம்பினேன். பாதி வழியில் ஒன்று நினைவுக்கு வந்தது. கடிதத்தில் நான் எதையும் சேர்க்கவில்லை. ஆனால் ஒரு வரியை விட்டிருந்தேன். இரண்டு முறையும்.

திரும்பிப் போகலாம் என்று சொன்னால் அவ்வளவுதான். கூடவே நடந்தேன்.

கிராணியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து உரக்க வாசித்தார். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். "முருகா" என்றாள்.

"பிள்ளை சரியாத்தானே வாசிச்சிருக்கு. ஏன் அழுறியள்?" என்றார் அவர். பிறகு தாளைத் திருப்பினார். "இஞ்ச பின்னாலையும் ஒரு வரி கிடக்கு. வாசிக்கட்டோ?"

"வாசிங்க ஐயா."

"மாதாமாதம் அனுப்பும் முறுக்கைத் தயவு செய்து இனி அனுப்ப வேண்டாம். சென்ற மாத முறுக்கில் என் கடைவாய்ப் பல் ஒன்று போயிற்று."

பின்னால் டிக்கெட்டுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். கிராணியார் சிரிக்காமல் இருக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

தண்டவாளத்தைக் கடக்கும் வரை அக்கா வேகமாக நடந்தாள். கடந்ததும் நின்றாள்.

"இதை ஏன் படிக்கல?"

"ஒங்களுக்கு வருத்தமா இருக்குமேன்னுதான்."

"என் முறுக்கு அவ்வளவு கெட்டியாவா இருக்கு?"

இதற்கு மேலும் பொய் சொல்லத் தெம்பில்லை. "இருக்கு அக்கா."

"நான் கொடுக்கறதெல்லாம் தின்னியே! ருசியா இருக்குன்னியே!"

"அதுவும் தைலப் பக்கந்தான் அக்கா."

முறைத்தாள். பிறகு உதடு கோணியது. அங்கேயே, சாலை ஓரத்தில், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் சட்டம் போட்டாள். "இனிமே எதைப் படிச்சாலும் விரல் வச்சுப் படி. விரல் போற வரைக்குந்தான் நான் நம்புவேன். ஒண்ணையும் தாண்டக் கூடாது."

வரிசை முழுக்க அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. ஒரு மாதம் போல மருந்துப் புட்டிக்குக்கூட விரல் வைத்துத்தான் படித்தேன். என் விரலையே உற்றுப் பார்ப்பார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. முப்பது கழிந்து அக்கா கிள்ளான் போய்க் குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். அதன் பிறகும் விரலை எடுக்க விடவில்லை.

அடுத்த பாட்டுப் புத்தகத்தை அப்பா வாங்கி வந்த அன்று பழையபடி எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்தேன். இளவரசி கடலில் தள்ளப்பட்டாள். கடைசியில், அதுவரை யாருக்கும் நான் படித்துக் காட்டாத வரியையும் படித்தேன். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க.' விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சின்னம்மா எட்டிப் பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"அச்சுல அவ்வளவுதான்."

யாரும் எழுந்து போகவில்லை. அக்கா தான் கொண்டுவந்த முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினாள். எண்ணெய் கூட விட்டுப் பிசைந்தாளாம், உடைந்தது.

"விரலைத்தான் எடுத்துட்டியே" என்றாள். "அப்புறம் என்ன, சொல்லு. கடல்ல விழுந்தவ என்ன ஆனா?"