நாரைக்குளத்தில் இறங்கிய நயினார் மகள்

த்ரிசலாவை ஊருக்குப் பிடிக்கும். சரியாகச் சொன்னால், போன கோடை வரைக்கும் பிடித்திருந்தது.

அவள் சூழலியல் படித்தவள். ஓரிடத்தில் ஓர் உயிரினம் எவ்வளவு இருந்தால் அந்த இடம் தாங்கும், பெருகிப்போனால் என்ன செய்வது, அருகிப்போனால் என்ன செய்வது என்று பார்ப்பதுதான் வேலை. திருவண்ணாமலையில் கல்லூரிக்குப் போன காலத்தில் "நயினார் வீட்டுப் பொண்ணுக்கு விலங்கியலா?" என்று உறவில் முணுமுணுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சமணக் குடும்பம். எறும்பு வரிசையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிறவர்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியூரில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்துத் திரும்பி, வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து, அதையே அலுவலகமாக்கிக்கொண்டாள்.

முதலில் கையில் எடுத்தது கிரிவலப் பாதைக் குரங்குகளை. பிடித்துப்போய் ஜவ்வாது மலையில் விட்டுவிடலாம் என்று பேச்சு வந்தபோது, கூடவே கூடாது என்று ஒற்றை ஆளாக நின்றாள். இங்கத்திய தொல்லையை மூட்டை கட்டி இன்னொரு ஊரில் இறக்குவது தீர்வே இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பழமும் பிஸ்கட்டும் கொட்டுவதை நிறுத்துங்கள், கருத்தடை செய்யுங்கள் என்றாள். பழக்கடைக்காரர்கள் முறைத்தார்கள். ஊர் மெச்சியது. அவளுடைய அப்பா தன்யகுமார் நயினார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு ஒரு உயிரு நோவ விடமாட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பெருமைக்கு ஆயுசு கம்மி.

அடி அண்ணாமலைப் பக்கம் நாரைக்குளம் என்று ஒன்று. கெண்டையும் குரவையும் துள்ளிய குளம். அவள் போய்ப் பார்த்தபோது தவளைச் சத்தம்கூட இல்லை. நீர்க்கோழி குஞ்சு பொரிக்கிறது, ஒன்றும் மிஞ்சுவதில்லை. வலை போட்டுப் பார்த்தாள். ஏறியதெல்லாம் ஒரே ரகம், ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கவே கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட மீன். வாயில் அடங்குவதையெல்லாம் விழுங்கும். தண்ணீர் வற்றினாலும் சேற்றில் கிடந்து, காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும்.

இதை யார் கொண்டுவந்து விட்டது என்று மீன் வண்டிக்காரர் முருகையனைப் போய்க் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"உங்ககிட்ட எப்படிம்மா சொல்றது. உங்க அப்பாருதான். வருசா வருசம் மகாவீர் ஜெயந்திக்கு வருவாரு. உசுரோட இருக்கிற மீன் எல்லாத்தயும் குடுன்னு வாங்கினு போய் கொளத்துல வுட்டுடுவாரு. மத்த மீனுங்க ஐசுலயே செத்துப்பூடும். இது ஒண்ணுதான் தொட்டியில உசுரோட கெடக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. விடுதலை செய்ய வேண்டுமானால் மீன் உயிரோடு இருக்க வேண்டும். உயிரோடு இருந்ததோ இந்த ராட்சசன் மட்டும்தான். தேடித் தேடி அதன்மேலேயே இரக்கப்பட்டிருக்கிறார் மனிதர்.

குளத்தை இறைத்து, கெளுத்தி முழுவதையும் பிடித்துக் கொன்று, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தாள். குரங்குக்குக் கைதட்டிய ஊர் இப்போது வாயில் வந்தபடி பேசியது. சமணக் குடும்பத்தில் பிறந்துவிட்டுக் கொல்லச் சொல்கிறாளே என்று, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறவர்கள்கூட வருத்தப்பட்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

அவர்களை அவள் பொருட்படுத்தவில்லை. அப்பாவை அப்படி விட முடியவில்லை.

"ஏம்மா, எல்லாத்தயும் புடிச்சு லாரியில ஏத்தி சாத்தனூர் டேம்ல விட்டுடலாமே. லாரிய நான் ஏற்பாடு பண்றேன்" என்றார் அவர்.

"அப்புறம் டேம்ல இருக்கிற மீனுங்க என்ன ஆவும்?"

"அது பெரிய தண்ணி. தாங்கும்."

"தாங்காதுப்பா. கொரங்குக்கு நான் இதயேதான் சொன்னேன், தலையாட்டினீங்க."

"கொரங்க நீ கொல்லச் சொல்லலயே."

"கொல்லாம முடியும்னா இதயும் சொல்லமாட்டேன். நீங்க காப்பாத்தி விட்டது ஒவ்வொண்ணும் எத்தன உயிர முழுங்கியிருக்கு? அதெல்லாம் யாரு பாவம்?"

அவர் முகம் கறுத்தது. "எழுதிக் குடுத்தத நீ திரும்ப வாங்கற வரைக்கும் நான் தண்ணியத் தவிர எதயும் தொட மாட்டேன்" என்று எழுந்து உள்ளே போனார். பொழுது சாய்ந்தபின் பருக்கை தொடாத சமண வீடு, அதற்கு நோன்பு புதிதில்லை. பெற்ற மகளுக்கு எதிராக இருப்பதுதான் புதிது.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பயமாகவும் இருந்தது. அம்மா ஜெயந்திமாலா காலையிலும் மாலையிலும் போன் பண்ணி அழுதாள். "உங்க பேர எடுத்துடறோம் மேடம். ஆளுங்கள வச்சு நாங்களே முடிச்சுக்கறோம்" என்று ஓர் அதிகாரி தன்மையாகச் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் கொலையை யாரோ ஒரு கூலிக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் தன் கையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளும் அகிம்சை த்ரிசலாவுக்கு வேண்டியதில்லை.

"என் பேரு இருக்கட்டும் சார். மொத மீன நான்தான் அடிப்பேன்" என்றாள்.

மோட்டார் வைத்துக் குளத்தை இறைத்து முடித்த அன்று நயினாருக்கு நோன்பு மூன்றாம் நாள். ஆட்டோவில் வந்து இறங்கி, கரையில் புங்கமர நிழலில் உட்கார்ந்தார். உதடு வெடித்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தது. இவள் இப்போது அழுதுகொண்டு ஓடிப்போய்க் காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

வலையில் கிடந்த பெரிய கெளுத்தியை இழுத்துப் பலகையில் போட்டு, கட்டையை ஓங்கினாள். முதல் அடி தவறிப் பலகையில் விழுந்தது. எறும்பைக்கூட நசுக்கியிராத கை அது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓங்கினாள். மீன் அடங்கியது. கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. என்ன தின்றிருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலையில் ஒரு பகுதி. வயிற்றைக் கீறினாள். தவளைகள் இருந்தன. பாதி செரித்த நீர்க்கோழிக் குஞ்சு ஒன்று, கால் விரல்கள் இன்னும் கரையாமல் இருந்தது.

குஞ்சை ஓர் இலையில் ஏந்திக்கொண்டு கரையேறி, அப்பாவின் எதிரில் வைத்தாள்.

"பாருங்க. பாக்காம போவாதீங்க."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நீ பண்றது பாவம்தான். அதுல மாத்தமில்ல" என்றார் கடைசியில்.

"பாவம்னே வச்சுக்கோங்க. நிறுத்தமாட்டேன்."

"நிறுத்தச் சொல்லல." இலையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் பண்ணது அதவிட ஜாஸ்தி. நின்னு பேசிட்டிருக்காத, வேலயப் பாரு. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சாதான் ரெண்டு பேரும் இன்னைக்கு சாப்பிட முடியும்."