எரியாத சிவப்பு விளக்கு

சாவியைத் திருப்பிவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் சும்மா உட்கார்ந்திருப்பார் லைட்டக்கா. எந்த டிராக்டர் வந்தாலும் முதல் காரியம் இதுதான். டாஷ்போர்டின் சிவப்பு விளக்கைப் பார்த்து முடிக்கும்வரை பட்டறையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. "வண்டி பேசிட்டு இருக்கு. நீங்க அப்புறம் பேசுங்க" என்பார்.

வண்டிகளுக்குக் கரன்ட் வேலை பார்ப்பவர். டெஸ்ட் லேம்ப் எந்நேரமும் கழுத்தில் தொங்கும். கழற்றிய நட்டுகளைத் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில்தான் போடுவார். மூடி காலியானால்தான் சாப்பாடு. இன்னொரு பிடிவாதமும் உண்டு. கோளாறை உரிமையாளரின் கண்ணில் காட்டாமல் வண்டியை அனுப்ப மாட்டார்.

பட்டறையின் மறுபாதி அவருடைய கணவருக்கு. பெயின்டர், நல்ல கைகாரர். எத்தனை கவனமாக அடித்தாலும் காதில் மட்டும் பெயின்ட் ஒட்டிக்கொள்ளும். "காதுக்கு எத்தனை கோட்டுங்க?" என்று அக்கா கேட்காத நாளில்லை.

அன்று வந்தது ஒரு கிழட்டு நீல டிராக்டர். போன மாதம் இதே பட்டறையில் பெயின்ட் அடித்துப் புதுமாப்பிள்ளை போலப் போனது. அதன்பிறகு பேட்டரியில் சார்ஜ் நிற்கவே இல்லை. புதுப் பேட்டரி மாட்டியும் தினமும் காலையில் ஆள் வைத்துத் தள்ள வேண்டியிருந்தது.

"மச்சான் காயலான் கடைக்காரரைக் கூட்டிட்டு வர்றான்க்கா. இன்னிக்குச் சரியாகலன்னா தூக்கிக் குடுத்துட வேண்டியதுதான்." டிராக்டரின் மூக்கைத் தடவிக்கொண்டே சொன்னார் உரிமையாளர். "சிவப்பு லைட்டு எரியறதே இல்ல. அப்போ சார்ஜ் ஏறுதுன்னுதானே அர்த்தம்?"

"ஓடும்போது எரியக் கூடாது தம்பி. நிறுத்தி வெச்சுச் சாவி போட்டா எரிஞ்சே ஆகணும். இது கண்ணே தொறக்கலையே!"

விளக்கைக் கழற்றிப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது. திரும்ப மாட்டினார். ஒயர் எங்கும் அறுந்திருக்கவில்லை, பெல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. வாசலில் காயலான் கடை லாரிச் சத்தம் கேட்டு உரிமையாளர் பதறிக்கொண்டு ஓடினார். அக்கா பதறவில்லை. இன்ஜினையே வெறித்துப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் நீலம், துளி இரும்புகூடத் தெரியவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் உடம்பை லேசாகச் சுரண்டினார். இன்ஜினில் ஒரு போல்ட்டையும் சுரண்டினார். ஒரு துண்டு ஒயரால் இரண்டையும் தொட்டார். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு கண் விழித்தது.

"ஏங்க, டைனமோவைக் கழட்டியா பெயின்ட் அடிச்சீங்க?"

"பின்னே? அது உக்கார்ற எடத்துலகூட ரெண்டு கோட்டு போட்டேன்ல!" பெருமையாகச் சொன்னவர், மனைவியின் கையிலிருந்த ஒயரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அங்கே இரும்போடு இரும்பு ஒட்டியிருந்தால்தான் எர்த் கிடைக்கும், கரன்ட் சுற்றி வரும். அவர் அதைப் பார்த்துப் பார்த்து மூடியிருந்தார்.

"போல்ட்டு லூசுன்னு சொல்லிடேன்," என்றார் மெதுவாக. பாவம், அத்தனை ஆசையாக அடித்த பெயின்ட்.

அக்கா ஸ்பேனரை எடுத்தார். டைனமோவை இறக்கி, உட்காரும் இடத்தை இரும்பு மின்னும்வரை சுரண்டி, மறுபடி முடுக்கினார். உரிமையாளரைக் கூப்பிட்டு, உள்ளங்கையிலிருந்த நீலச் செதில்களைக் காட்டினார்.

"நம்ம தப்பு தம்பி. அழகா இருக்கட்டும்னு எர்த்தை மூடிட்டோம்."

அந்தப் பெயின்ட் பிரஷ்ஷை அக்கா தொட்டதுகூட இல்லை.

டிராக்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. சிவப்பு விளக்கு அணைந்தது. சார்ஜ் முள் மேலே ஏறியது. உரிமையாளர் லாரியைப் பார்த்து, போ போ என்று இரண்டு கையாலும் விரட்டினார்.

மூடியில் நட்டு ஏதும் மிச்சமில்லை. அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. கந்தைத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்ற கணவரிடம் போய், காதிலிருந்த நீலத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.